கரையை அடைப்பவர் யார்?

ஊருக்குப் பொதுவான குளம் ஒன்று. அதன் நீரால் எல்லார் வயலும் விளைகிறது. எல்லார் மாடும் அதில் நீர் பருகுகிறது. மழைக்காலத்து இரவொன்றில் அதன் கரையில் சிறு துளை விழுகிறது. வழியே போகும் ஒருவன் அதைக் காண்கிறான். கண்டவன் தன் வயலுக்கு வெள்ளம் வராதபடி தன் வரப்பை மட்டும் மண் போட்டு உயர்த்திக்கொண்டு வீடு திரும்புகிறான். அவனைக் குற்றவாளி என்று எந்த வழக்குமன்றமும் கூறாது. ஆனால் அவனை ஊரான் என்று கூறலாமா?

தமிழ்நாட்டு ஊர்களில் குடிமராமத்து என்றொரு வழக்கம் இருந்தது. குளத்து நீரை நம்பி வாழ்ந்த குடிகள் தத்தம் உழைப்பைக் கொடுத்துத் தூர் வாரினர், கரை கட்டினர். பொதுப்பொருளைத் துய்ப்பவன் அதைப் பேணவும் கடமைப்பட்டவன் என்பது அவ்வழக்கத்தின் உட்பொருள். அவ்வுட்பொருளைக் கணினி யுகம் மறந்துவிட்டது. மறந்ததோடு நில்லாமல், மறதியையே சாமர்த்தியம் என்று கொண்டாடவும் தொடங்கிவிட்டது.

கணினி உலகிலும் பொதுக்குளங்கள் உள்ளன. கட்டற்ற மென்பொருள்கள் என்பன அவையே. அவற்றுள் மிகப் பெரிய ஒன்று போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளம். தரவுத்தளம் என்பது பழைய கணக்குப்பிள்ளையின் பேரேட்டுக்குக் கணினி கொடுத்த வடிவம். யார் எவ்வளவு செலுத்தினார், எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒவ்வாது, எந்தத் தொழிலாளியின் சேமநிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பன போன்ற செய்திகளை எழுதி, அடுக்கி, கேட்டபோது கேட்டபடி எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. பேரேட்டில் ஒரு வரி பிழைத்தால் ஒருவருடைய வாழ்நாள் உழைப்பே பிழைத்துவிடும்.

1986ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில், ஓர் ஆய்வுத்திட்டமாக அது தொடங்கியது. 1994ஆம் ஆண்டு திட்டம் முடிவுற்றது. ஆயினும் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் இரு மாணவர்கள் அதைக் கைவிடாமல், எஸ்.க்யூ.எல். என்னும் வினவல் மொழியை அதில் சேர்த்தனர். 1996ஆம் ஆண்டில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்னும் பெயர் பெற்ற அது, அன்று முதல் பல நாட்டுத் தொண்டர்களாலும், நிறுவனங்களில் ஊதியம் பெற்றுக்கொண்டே இப்பணியில் ஈடுபடும் பொறியாளர்களாலும் வளர்க்கப்பட்டு வருகிறது. அதன் உரிமம் மிகத் தாராளமானது. எவரும் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், மாற்றலாம், மாற்றி விற்கவும் செய்யலாம். மாற்றியதைத் திருப்பித் தரவேண்டும் என்ற கட்டாயங்கூட இல்லை.

சட்டம் கட்டாயப்படுத்தாத அவ்விடத்தில்தான் அறம் தொடங்குகிறது. பலர் அவ்விடத்தில்தான் நின்றுவிடுகின்றனர்.

மனிதர் எழுதிய நிரலில் பிழை இராமற் போகாது. பிழையைக் கண்டவர் மூலநிரலைத் திறந்து பார்த்து, இந்த வரியை நீக்குக, இந்த வரியைச் சேர்க்க என்று குறித்து அனுப்பும் சிறு கோப்பைப் பேட்ச் என்பர். கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டுப் போன்றதாகையால் தமிழில் அதனை ஒட்டு எனலாம். போஸ்ட்கிரஸின் மூலநிரல் எல்லார் கண்ணுக்கும் திறந்து கிடப்பதால், ஒட்டுத் தைத்து அனுப்பும் உரிமை எல்லார்க்கும் உண்டு. பட்டமும் பதவியும் கேட்பாரில்லை. ஆனால் அனுப்பிய ஒட்டு அப்படியே துணியில் ஏறிவிடாது. பிறர் அதைப் படிப்பர், குறை கூறுவர், இயக்கிப் பார்ப்பர். ஆண்டில் சில மாதங்களை இதற்கென்றே ஒதுக்கி, வந்து குவிந்த ஒட்டுகளை வரிசைப்படுத்தி ஆராய்வர். இறுதியில் மூலநிரலில் அதைச் சேர்க்கும் அதிகாரம் பெற்றவர்கள் உலகம் முழுவதிலும் ஏறத்தாழ முப்பது பேரே. ஒட்டு அனுப்புகிறவர், அதற்கு ஈடான மற்றவர் ஒட்டு ஒன்றையேனும் ஆராய்ந்து கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழங்கும் ஒழுங்கு. குடிமராமத்தின் நிழல் இவ்வொழுங்கில் தெரிகிறதன்றோ?

இவ்வளவு நல்ல ஏற்பாட்டைச் சூழ்ந்து நான்கு வகையான வீண்வாதங்கள் உலவுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது தகும்.

“இலவசமாகக் கிடைத்ததற்கு எதற்குக் கடன்?” என்பது முதல் வாதம். இதைக் கூறுவோர் பெரும்பாலும் ஏழைகள் அல்லர். வளமான நிறுவனங்களின் மேலாளர்களே இதை மிகுதியாகக் கூறுகின்றனர். தம் பொறியாளர் ஒருவர் பிழையைக் கண்டு, அதைப் பொதுவில் அறிவிக்க அரைநாள் கேட்டால், “அது நம் வேலையன்று” என்று வாயடைப்பவர் இவர்களே. இவர்களுக்கு விடையாக 2018ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டலாம்.

போஸ்ட்கிரஸ் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு நாட்பதிவில் எழுதும். பிறகே பேரேட்டின் பக்கங்களில் ஏற்றும். பக்கங்கள் உடனே வட்டுக்குப் போவதில்லை. லினக்ஸ் போன்ற இயங்குதளம் அவற்றைத் தன் நினைவகத்தில் சிறிது நேரம் வைத்திருக்கும். ஆகவே தரவுத்தளம் இடையிடையே, “நான் கொடுத்த பக்கங்கள் உண்மையாகவே வட்டில் ஏறினவா?” என்று இயங்குதளத்தைக் கேட்கும். அக்கேள்விக்கு எஃப்சிங்க் என்று பெயர். “ஏறிவிட்டன” என்று விடை வந்தால் பழைய நாட்பதிவை விட்டுவிடும். இந்த நம்பிக்கையின்மேல் எத்தனையோ ஆண்டுகள் கணக்கு நடந்தது.

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்நம்பிக்கை உடைந்தது. சேமிப்புக் கருவியில் கோளாறு நேர்ந்து ஒரு பயனரின் தரவு கெட்டுப்போயிருந்தது. அதன் காரணத்தைத் துருவிப் பார்த்த கிரெய்க் ரிங்கர் என்னும் பொறியாளர், கண்டதைப் பொதுவில் வைத்தார். வட்டில் எழுதுவது தோற்றால் லினக்ஸ் அதை ஒருமுறை அறிவிக்கும். பிறகு அந்தப் பக்கம் எழுதப்பட்டதாகவே குறித்துக்கொள்ளும். தரவுத்தளம் மீண்டும் கேட்டால், “எல்லாம் நலம்” என்று விடை வரும். முதல் முறை உண்மை கூறிய வாய் இரண்டாம் முறை பொய் கூறியது. தரவுத்தளமோ இரண்டாம் விடையை நம்பி நாட்பதிவை விட்டுவிட்டது. பக்கமும் போயிற்று, பக்கத்தை மீட்கும் வழியும் போயிற்று.

இதற்கான திருத்தத்தின் சாரம் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: முதல் தோல்வியிலேயே நின்றுவிடு, மீண்டும் கேளாதே, நாட்பதிவைக் கொண்டு மீண்டு எழு. ஆயினும் அது 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் வெளியாயிற்று. இடைப்பட்ட மாதங்களில் எந்த இயங்குதளம் எவ்வாறு நடக்கிறது என்று ஆராயப்பட்டது. லினக்ஸின் உட்பகுதியைக் கட்டுவோரோடும் கலந்து பேசப்பட்டது. அப்போது வழக்கிலிருந்த ஐந்து பதிப்புகளுக்கும் ஒட்டுத் தைக்கப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தரவு கெட்டவுடன், பழைய நகலை எடுத்துப் போட்டுக்கொண்டு, “நம் வேலை முடிந்தது” என்று அப்பொறியாளரும் வாய் மூடியிருந்தால்? அத்துளை அடைபடாமலே கிடந்திருக்கும். எந்த ஊர் மருத்துவமனையின் பேரேட்டில், எந்த நாளில், எந்த வரி மறைந்ததென்று எவரும் அறியாமலே போயிருக்கும். இலவசம் என்று கூறி எடுத்துச் செல்லும் நிறுவனங்கள் அனைத்தும், அன்று ஒருவர் வாய் திறந்ததால் காக்கப்பட்டவை. கடன் இல்லை என்று அவை கூறலாம்; கடன்பட்டே வாழ்கின்றன.

“பிழையைத் திருத்தினோம், எங்களிடமே வைத்துக்கொண்டோம், அதில் என்ன கேடு?” என்பது இரண்டாம் வாதம். தன் வரப்பை மட்டும் உயர்த்தியவனின் வாதம் இதுவே. அறத்தை விட்டுத் தன்னலத்தையே அளவுகோலாகக் கொண்டாலும் இவ்வாதம் நிற்காது. போஸ்ட்கிரஸுக்கு மூன்று மாதத்துக்கொரு முறை திருத்தப் பதிப்பு வெளிவருகிறது. ஆண்டுக்கொரு முறை புதிய பெரும் பதிப்பு வருகிறது. ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் ஐந்தாண்டுக் காலமே பராமரிப்பு உண்டு. சொந்த ஒட்டை அலமாரியில் பூட்டி வைத்தவர், ஒவ்வொரு முறையும் அதை எடுத்துப் புதிய துணியில் மறுபடி தைக்க வேண்டும். சுற்றியுள்ள நிரல் மாறிக்கொண்டே போவதால், ஒரு நாள் ஒட்டுப் பொருந்தாது. தைத்த பொறியாளர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். பிறகு அந்நிறுவனம் பழைய பதிப்பிலேயே தேங்கும்; பாதுகாப்புத் திருத்தங்களும் அதற்கு எட்டாமற் போகும். மூலத்தில் சேர்ந்த ஒட்டையோ எல்லாரும் சேர்ந்து சுமப்பர். கொடுத்தவன் சுமை குறைகிறது. மறைத்தவன் சுமை வளர்கிறது. இந்த எளிய கணக்கைக் கூடத் தெரியாதவர் வணிகம் நடத்துவது வியப்பே.

மூன்றாம் வாதம் எதிர்ப்புறத்திலிருந்து வருகிறது. “ஒட்டைக் கொடுத்தேன், மாதக்கணக்கில் காக்க வைத்தனர், வந்த விடையோ குறைகளின் பட்டியல். இதுவா நன்றி?” என்பது அது. இதில் ஒரு பாதி உண்மை உண்டு. காத்திருப்பு நீளுகிறது, புதியவர் ஒருவரின் முதல் ஒட்டுக்கு மௌனமே விடையாகும் நேரங்களும் உண்டு. அந்த மௌனம் ஆர்வத்தைக் கொல்லும். ஆனால் காரணம் எது? ஒட்டுத் தைக்கும் கைகள் பல. ஒட்டை ஆராயும் கண்கள் சில. புகழ் முழுவதும் எழுதியவருக்குப் போகிறது. படித்துப் பிழை கண்டவர் பெயரை எவரும் நினைப்பதில்லை. ஆகவே எழுத ஓடுவோர் மிகுதி. படிக்க அமர்வோர் குறைவு. எழுதியதை மெய்ப்புப் பார்க்க ஆளின்றித் தவித்த தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு இந்நிலை புதிதன்று.

ஆராயாமலே சேர்த்துவிட்டால் என்ன என்பார்க்குப் போஸ்ட்கிரஸின் பதினான்காம் பதிப்பே பாடமாக நிற்கிறது. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான அப்பதிப்பில், வேலையை விரைவாக்கும் நோக்கத்தோடு ஒரு மாற்றம் சேர்க்கப்பட்டிருந்தது. நல்லெண்ணத்தில் செய்த மாற்றம் அது. ஆனால் பிற வேலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே ஓர் அட்டவணைக்குச் சுட்டியைக் கட்டினால், அச்சுட்டி சில வரிகளை விட்டுவிடக்கூடும் என்பது பிறகே தெரிந்தது. பேரேட்டில் வரி இருக்கும். தேடினால் இல்லை என்று விடை வரும். கணக்கு வைத்திருப்போர்க்கு இதைவிடக் கொடிய பிழை வேறென்ன? அம்மாற்றத்தையே பின்வாங்கிக்கொண்டு, 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம், வழக்கமான தவணைக்குக் காத்திராமல் 14.4 என்னும் திருத்தப் பதிப்பு வெளியிடப்பட்டது. பல கண்கள் பார்த்தும் தப்பிய பிழை இது. கண்களே இல்லாவிட்டால் எத்தனை தப்பும்? ஆகவே, தாமதத்தைக் கண்டு சினப்பவர் சினத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, வரிசையில் கிடக்கும் மற்றவர் ஒட்டு ஒன்றை எடுத்துப் படிக்கட்டும். வரிசை அதனால்தான் குறையும்.

“முன்பின் அறியாதவர் கொடுக்கும் ஒட்டை நம்பலாமா? நஞ்சு கலந்திருந்தால்?” என்பது நான்காம் வாதம். இதைக் கூறுவோர் இரண்டு சான்றுகளைக் காட்டுவர்.

ஒன்று எஸ்க்யூலைட். 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் தொடங்கிய இச்சிறு தரவுத்தளம் இன்று கைப்பேசிகள்தோறும் உள்ளது. அதன் மூலநிரல் யாவர்க்கும் உரியது. ஆயினும் முன்பின் அறியாதவர் ஒட்டை அது ஏற்பதில்லை. விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே எழுதுகின்றனர். நிரலைவிடப் பன்னூறு மடங்கு பெரிய சோதனை நிரலால் அதைக் காக்கின்றனர். “ஒட்டு வாங்காமலே உயர்ந்த தரவுத்தளம் இதோ” என்று இவர்கள் மார்தட்டுவர். ஆனால் அச்சிலர் காற்றைக் குடித்து வாழ்வதில்லை. அதைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் சில கூட்டாகச் சேர்ந்து பணம் கொடுத்து அவர்களைத் தாங்குகின்றன. பிழையைக் கண்டு அறிவிப்போரையும் அவர்கள் வரவேற்கவே செய்கின்றனர். எனவே எஸ்க்யூலைட் மெய்ப்பிப்பது வேறொன்று: கையால் உதவாதவர் பொருளால் உதவலாம், இரண்டும் மறுப்பவர்க்கு இங்கும் இடமில்லை.

மற்றொன்று எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளின் கதை. நெடுநாள் ஒரே மனிதர் தனியாகச் சுமந்த மென்பொருள் அது. உழைத்துக் களைத்திருந்த அவரிடம் ஒருவர் உதவிக்கு வருவதுபோல் வந்தார். ஈராண்டுக்கு மேல் நல்ல ஒட்டுகளாகக் கொடுத்து நம்பிக்கை பெற்றார். பராமரிக்கும் உரிமையையும் பெற்றார். பிறகு 2024ஆம் ஆண்டு அதனுள் கள்ளக்கதவு ஒன்றை வைத்தார். லினக்ஸ் கணினிகள் பலவற்றுக்குள் மறைந்து நுழைய வழி செய்யும் கதவு அது. இதைக் காட்டி, “பார்த்தீர்களா, தொண்டர் கையால் நஞ்சு!” என்று கூவுவோர் கதையின் பின்பாதியை மறைத்துவிடுகின்றனர். அக்கள்ளத்தைக் கண்டு, அவ்வாண்டு மார்ச் 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட். போஸ்ட்கிரஸின் மூலநிரலில் ஒட்டுச் சேர்க்கும் அதிகாரம் பெற்றவர்களுள் அவரும் ஒருவர். போஸ்ட்கிரஸின் விரைவை அளந்துகொண்டிருந்தபோது, தொலைக்கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று அவர் விடவில்லை. காரணம் காணும்வரை தோண்டினார். மூலநிரல் திறந்து கிடந்ததால் தோண்டவும் முடிந்தது.

அவ்விரு பாதிகளும் சேர்ந்து ஒரே செய்தியைக் கூறுகின்றன. தனியாக விடப்பட்ட மென்பொருளில் நஞ்சு புகுந்தது. பலர் கூடிப் பேணும் மென்பொருளில் பழகிய கண் அதைப் பிடித்தது. நஞ்சுக்கு இடம் கொடுத்தது தொண்டு என்பது பொய். தொண்டர் ஒருவரைத் துணையின்றி விட்டுவிட்டு, அவர் உழைப்பை மட்டும் உலகமே உறிஞ்சிக்கொண்டதுதான் அதற்கு இடம் கொடுத்தது.

இனி, “ஒட்டுத் தைக்கத் தெரியாதவர் என் செய்வது?” என்று கேட்பார் உளர். கேள்வி நேர்மையானதாயின் விடை எளிது. எந்தப் பதிப்பில், எந்தக் கட்டளையைக் கொடுத்தபோது, எதை எதிர்பார்த்து, எது நிகழ்ந்தது என்று ஒழுங்காக எழுதி அறிவிப்பதே பாதித் திருத்தம். மற்றவர் தம் கணினியிலும் அப்பிழையை நிகழ்த்திப் பார்க்கும்படி எழுதத் தெரிந்தவர், மோசமான ஒட்டு அனுப்புகிறவரைவிடப் பன்மடங்கு பயன்படுவார். புதிய பதிப்பு வெளியாகுமுன் சோதனைக்கென விடப்படும் வடிவத்தைத் தம் தரவின் நகலில் இயக்கிப் பார்க்கலாம். விளக்க நூலில் தெளிவில்லாத பத்தியைத் திருத்தி அனுப்பலாம். பலவகைக் கணினிகளில் நிரலை நாள்தோறும் சோதிப்பதற்கு உலகெங்கும் தொண்டர்கள் தம் கணினிகளைக் கொடுத்திருக்கின்றனர். அவ்வரிசையில் இன்னொன்று சேரலாம். நிறுவனம் நடத்துவோர், தம் பொறியாளர் ஒருவருக்கு வாரத்தில் சில மணி நேரத்தை இப்பணிக்கென ஒதுக்கலாம். இவற்றுள் எதற்கு மேதைமை வேண்டும்? மனம் ஒன்றே வேண்டும்.

தமிழறிந்தோர்க்கு இதில் தனிப்பங்கும் உண்டு. தமிழ்ப் பெயர்கள் அகர வரிசையில் சரியாக அடுக்கப்படுகின்றனவா, உயிர்மெய்யைத் தேடினால் உரிய சொல் கிடைக்கிறதா என்பவற்றைத் தமிழ் தெரிந்தவர் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்? கணினியில் தமிழ் பிழைபடுகிறது என்று மேடைதோறும் வருந்துவது எளிது. பிழையைக் குறித்து, சான்றோடு எழுதி, திருத்தம் ஏறும்வரை பின்தொடர்வது கடினம். மேடை வருத்தத்தால் எந்தச் சொல்லும் வரிசையில் ஏறியதில்லை.

பிழை திருத்தும் வேலை பெருமையற்றது என்ற எண்ணமே இத்தனைக்கும் வேர். புதிதாகக் கட்டுவோர்க்கு மாலை. பழுது பார்ப்போர்க்கு மௌனம். கோயிலைக் கட்டிய மன்னன் பெயர் கல்வெட்டில் நிற்கிறது. ஆண்டுதோறும் கூரையில் முளைத்த செடியைப் பிடுங்கியவன் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அச்செடியைப் பிடுங்கியவன் இராதிருந்தால் கல்வெட்டும் நின்றிராது.

குளம் இன்று நிறைந்திருக்கிறது. பெர்க்லியில் தோண்டத் தொடங்கிய அதன் நீர் நாற்பதாண்டு உழைப்பால் பெருகியது. எடுத்துச் செல்வோர்க்குக் குறைவில்லை. எடுத்துச் செல்வதைத் தடுப்பாரும் இல்லை. ஆனால் அடுத்த மழைக்காலம் வரத்தான் போகிறது. கரையில் அடுத்த துளை விழத்தான் போகிறது. அதை முதலில் காண்பவர், முப்பது பேரில் ஒருவராக இருக்க வேண்டுமென்பதில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தின் மூலையில், வராத ஒரு வரியைத் தேடிக்கொண்டிருக்கும் பெயரறியாத ஊழியராகவும் அவர் இருக்கலாம். அவர் வாய் திறந்தால் ஊர் பிழைக்கும். தன் வரப்பை மட்டும் உயர்த்திக்கொண்டு திரும்பினால், கரை உடைந்த பின் வரப்பும் மிஞ்சாது.